அப்பாவின் போனிலிருந்து நான் அனுப்பிய பதில்

அன்புள்ள கதிர்,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது உன் நெஞ்சு பதறக் கூடாது. அப்பாவின் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் மரங்கள் நிறம் மாறத் தொடங்கிய சமயத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. பேச்சு இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. அன்றிலிருந்து அவருடைய போனிலிருந்து உனக்கு வந்த எல்லாப் பதிலையும் எழுதியது நான். இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு ஸ்கூலில் வரலாறு சொல்லிக்கொடுக்கப் படிக்கட்டுமா என்று கேட்டாயே, அதற்கு வந்த பதிலும் என்னுடையதுதான். நீ அப்படி ஒரு கேள்வி கேட்டதே அப்பாவுக்குத் தெரியாது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். நீ 'ஹலோ மா' என்றதும் என் வாய் 'சாப்பிட்டியா சாமி' என்று பழைய பாதையிலேயே போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பாய். அதுவும் நல்லதுதான், எந்த வரியையும் நீ வேகமாகத் தாண்டிப் போக முடியாது. உனக்கு அனுப்பிய பிறகு மற்ற வீட்டு அம்மாக்கள் யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும். பிள்ளை பதறிவிடுவான் என்று வீட்டு நோயை ஒளித்துவைப்பது நம் வீட்டில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. நான் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோனேன் என்பதுதான் வேறு.

அன்று காலை அப்பா ரயிலுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸை நீட்டினேன். வாங்க வந்த கை பாதியிலேயே நின்றது. ஏதோ சொன்னார். அது தமிழாகவும் இல்லை, இங்கிலீஷாகவும் இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கார்ப்பெட் முழுக்க எலுமிச்சைச் சாதம். உடனே ஆம்புலன்ஸுக்கு 911 கூப்பிட வேண்டும் என்று எனக்கும் தெரியும். போனைக் கையில் எடுத்தேன், கதிர். எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் இங்கிலீஷில் மளமளவென்று கேட்பார்களே, நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் பக்கத்து வீட்டுக் கோமதியிடம் ஓடினேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். பெல்லை அழுத்திக்கொண்டே வாசலில் நின்றேன். தலையில் துண்டோடு வந்து கதவைத் திறந்தாள்.

"என்னங்க இது கோலம்? என்ன ஆச்சு?"

"அவருக்கு வாய் கோணிப்போச்சு. பேச்சு வரலை."

"911 கால் பண்ணீங்களா இல்லையா?"

"நீங்க பேசுங்க கோமதி. எனக்கு இங்கிலீஷ் வாயிலயே வரலை."

"அட கடவுளே, வீட்டு அட்ரஸ் சொன்னா போதுமேங்க!" என்று சொல்லிக்கொண்டே அவள்தான் அழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கேள்விகள் கேட்டார். எப்போது தொடங்கியது? எப்போது கூப்பிட்டீர்கள்? கோமதி இங்கிலீஷில் மாற்றிச் சொன்ன என் பதிலைக் கேட்டுக்கொண்டார், குறை ஒன்றும் சொல்லவில்லை. இந்த நோயில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று பிறகு கோமதி சொன்னாள். அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் இருந்த நேரம் முழுவதும் என் கூச்சம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நான் ஏன் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன் என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். வீட்டில் வசதி இல்லை என்றேன். அது உண்மை இல்லை. பவானியில் எங்கள் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் பாடம் படிக்கச் சொல்வார்கள். எனக்குக் குரலே வராது. பிள்ளைகள் சிரிக்கும். ஒருநாள் இனிமேல் போக மாட்டேன் என்றேன், வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. அவ்வளவுதான் கதை. அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, உன்னைத் தூக்கிக்கொண்டு நியூ ஜெர்சிக்கு வந்தாள். பேச வேண்டிய இடங்களிலெல்லாம் உன் அப்பாவை முன்னால் விட்டுப் பின்னால் நின்றுகொண்டாள். உன் டீச்சரிடம் அவர் பேசினார், டென்டிஸ்டிடம் அவர் பேசினார், வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவனிடமும் அவர்தான் பேசினார். திடீரென்று முன்னால் நிற்க ஆள் இல்லை.

உனக்குச் சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தேன். நீ டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊருக்குப் போய் அந்தக் கம்பெனியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கோமதி சொன்னாள், "இப்ப சொன்னா பையன் பதறி அடிச்சுட்டு வருவான். வந்து என்ன பண்ணப் போறான்? கொஞ்சம் தேறட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்." எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அப்படி நினைக்க எனக்கு உரிமையே இல்லை. உன் தாத்தாவுக்கு ஈரோட்டில் ஆபரேஷன் நடந்தபோது நாம் ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, தாத்தா கோயிலுக்கெல்லாம் போய்வரத் தொடங்கிய பிறகுதான் நமக்குச் சொன்னார்கள். உன் சித்தப்பாவிடம் அப்பா போனில் கத்தியது உனக்கு நினைவிருக்கலாம். "நல்லா ஆனப்புறம் சொல்றதுக்கு நான் என்ன விருந்தாளியாடா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பால்கனியில் போய் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார், "நம்ம வீட்ல இந்த வேலை வேண்டாம் புள்ள. நல்லதோ கெட்டதோ, அன்னைக்கே சொல்லிரணும்." நானும் தலையாட்டினேன். அவர் வாய் திறக்க முடியாமல் கிடந்தபோது, அவர் கேட்டுக்கொண்ட அந்த ஒன்றைத்தான் முதலில் மீறினேன்.

உன் அப்பா போனில் பேசாதவர் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. நீ கூப்பிட்டால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். உங்கள் இருவருக்கும் நடுவில் எல்லாமே மெசேஜ்தான். காரில் ஏதோ விளக்கு எரிகிறது என்று நீ படம் அனுப்பிய அன்று அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். பதில் போகாவிட்டால் நீ கூப்பிடுவாய். அவருடைய வலது கட்டைவிரலை எடுத்து போனில் வைத்தேன். திறந்துகொண்டது. பழைய மெசேஜ்களைப் பார்த்து அவர் எப்படி எழுதுவார் என்று படித்தேன். 'ஓகே. நோட்டட்.' 'மெக்கானிக்கிடம் காட்டு.' எதிலும் முற்றுப்புள்ளி இருக்கும், பூவும் பொம்மையும் இருக்காது. அதேபோல எழுதி அனுப்பினேன். 'தேங்க்ஸ் பா' என்று நீ பதில் போட்டாய். எனக்கு வியர்த்துவிட்டது.

அதன்பிறகு வியர்க்கவில்லை. இதைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அவர் பெயரில் எழுதும்போது எனக்குக் கூச்சமே இல்லை, கதிர். நான் அம்மாவாக ஏதாவது சொன்னால் நீ 'சரி மா, சரி மா' என்று பாதியிலேயே நழுவுவாய். அப்பாவாக ஒரே வரி எழுதினால் உடனே கேட்டாய். வாடகை வீட்டை மாற்றாதே என்றேன், மாற்றவில்லை. உடம்புச் சூட்டுக்கு மோர் குடி என்றேன், குடிக்கிறேன் என்றாய். வாழ்நாளில் முதல்முறையாக நான் சொன்னதை ஒருவர் மறுபேச்சில்லாமல் கேட்டார். உன்னைப் பதற விடக் கூடாது என்று தொடங்கியது எந்த நாளில் எனக்குப் பிடித்த வேலையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. அப்பா தன் போனைக் கை காட்டிக் கேட்டார். ஸ்கிரீன் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

தீபாவளிக்கு வீடியோவில் வருகிறேன் என்றாய். காலையிலிருந்து அதற்காக வேலை செய்தேன். அவரைச் சோபாவின் வலது ஓரத்தில் உட்காரவைத்து, புது வேட்டி கட்டி, வலது கை தெரியாமல் சால்வை போர்த்தினேன். போனைத் தூரத்தில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கிரிக்கெட்டைச் சத்தமாக வைத்தேன். நீ 'ஹேப்பி தீபாவளி பா' என்று சிரித்தாய். அவர் இடது கையைத் தூக்கினார். நான் போன் அருகே போய், டிவி சத்தத்தில் அவருக்குக் கேட்காதபடி, தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். "கிரிக்கெட் பாத்துக் கத்தியிருப்பார்" என்று கிண்டல் செய்துவிட்டு உன் வேலைக் கதைகளைச் சொல்லத் தொடங்கினாய். அவர் தூக்கிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். அந்த முகத்தை நான் சோர்வு என்று நினைத்துக்கொண்டேன். தேங்க்ஸ்கிவிங்குக்கு வருகிறேன் என்றபோது எங்கள் இருவருக்கும் ஃப்ளூ என்றேன். கிறிஸ்துமஸுக்கு உனக்கே டூட்டி விழுந்தது. பிள்ளை வரவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் நீ அந்த நீளமான மெசேஜை அனுப்பினாய். என் இங்கிலீஷுக்கு அதைப் படித்து முடிக்க ஒரு முழு மதியம் ஆயிற்று. வேலை பிடிக்கவில்லை என்பதல்ல, வகுப்பில் நின்று பிள்ளைகளுக்கு வரலாறு சொல்வதை நினைத்தால்தான் காலையில் எழுந்திருக்கத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தாய். டீச்சர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, வசந்தம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். கடைசியில், 'நீங்கள் வேண்டாம் என்றால் போக மாட்டேன். நிஜமாக என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் பா' என்று முடித்திருந்தாய்.

அப்போது அப்பா கட்டிலில்தான் இருந்தார். விழித்திருந்தார். அந்த மெசேஜை எழுந்து போய் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கலாம். தலையாட்டுவதற்கு அவருக்குப் பேச்சு தேவையில்லை. நான் போகவில்லை. அவர் இனி வேலைக்குத் திரும்புவாரா என்று தெரியாத வீட்டில், உன் வேலையும் போய்விட்டால் என்ன ஆவது என்று பயந்தேன். அந்தப் பயத்தை நான் அம்மாவாக உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்னைச் சமாதானப்படுத்தியிருப்பாய். எனக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை, நீ என் சொல்லைக் கேட்க வேண்டியிருந்தது. காலேஜில் நீ மோட்டார் சைக்கிள் வாங்கக் கேட்டபோது அப்பா எழுதிய பழைய பதிலைத் தேடி எடுத்தேன். 'நல்ல யோசனை இல்லை. இதைப் பற்றி மீண்டும் பேச வேண்டாம்.' அதை அப்படியே எடுத்து, நடுவில் 'வேலையை விடாதே' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். வார்த்தைகள் அவருடையவை என்பதால் நீ சந்தேகப்படவில்லை. 'ஓகே பா' என்று மட்டும் வந்தது. அதன்பிறகு அப்பாவின் போனுக்கு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. என்னிடம் பேசும்போதும் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாய்.

என்மீது மட்டும் உனக்கு ஒரு குறையும் இல்லை. சிட்டிசன்ஷிப் பரீட்சைக்கு என்னைத் தயார்செய்வதை நீ ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. ஆஃபீசர் முன்னால் உட்கார்ந்து வாய் திறக்க வேண்டுமே என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டவளை நீதான் இழுத்துக்கொண்டு வந்தாய். கேள்வி அட்டைகளில் எனக்குப் பெயர்கள் நிற்காது, முகம்தான் நிற்கும். முதல் உலகப் போர்க் காலத்து ஜனாதிபதி மூக்கில் கிள்ளி மாட்டிய கண்ணாடியோடு இருப்பார், அதனால் நமக்குள் அவர் கண்ணாடிக்காரர். அட்டையில் ஒரு வரிதான் இருக்கும். நீ ஒரு வரியோடு விட்டதே இல்லை. பெண்கள் ஓட்டுக் கேட்டு அவர் வீட்டு வாசலிலேயே பதாகையோடு நின்றார்கள், பிடித்துச் சிறையில் போட்டார்கள், கடைசியில் அவர் காலத்திலேயே ஓட்டும் கிடைத்தது என்று ஒரு வாரம் சொன்னாய். அரசாங்க ஆபீஸ்களில் கறுப்பின மக்களைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்ததும் அவர் காலத்தில்தான் என்று இன்னொரு வாரம். "நம்மள மாதிரி ஆசியாக்காரங்க உள்ள வரக் கூடாதுன்னு அப்பதான் மா சட்டம் போட்டாங்க. அவர் கையெழுத்துப் போட மாட்டேன்னார், காங்கிரஸ் கேக்கலை, அவரை மீறிப் பாஸ் பண்ணிட்டாங்க" என்றாய். அந்தக் கதவு திரும்பத் திறந்த பிறகுதான் நாம் வந்தோம் என்று நீ சொன்னதும் எனக்கு அந்த அட்டை மறக்கவே இல்லை. நீ எப்படிப்பட்ட வாத்தியாராக இருப்பாய் என்பதை ஒவ்வொரு வாரமும் காதால் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். கேட்டுக்கொண்டேதான் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

போன சனிக்கிழமை நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா இரண்டடி தள்ளிச் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"மா, முதல் உலகப் போர் அப்போ பிரசிடென்ட் யாரு?"

"கண்ணாடிக்காரர்."

"ஆஃபீசர்கிட்ட போய்க் கண்ணாடிக்காரர்னு சொல்லாத மா. திருப்பி அனுப்பிடுவாங்க."

பெயரைச் சொன்னேன்.

"சூப்பர். அவர் உங்க பக்கத்து ஊர் தெரியுமா? பிரின்ஸ்டன்ல யுனிவர்சிட்டிக்கு ஹெட்டா இருந்தார். அப்புறம் நியூ ஜெர்சி கவர்னர், அப்புறம் வொயிட் ஹவுஸ். போர் முடிஞ்சதும், இனிமே சண்டையே வரக் கூடாது, எல்லா நாடும் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கணும்னு ஆசைப்பட்டார். செனட் ஒத்துக்கலை. சரி, ஜனங்ககிட்டயே பேசறேன்னு ட்ரெயின்ல ஊர் ஊராப் போனார். உடம்பு தாங்கலை. திரும்பி வந்ததும் ஸ்ட்ரோக்."

கத்தி நின்றுவிட்டது. நீ ஆர்வமாகப் போய்க்கொண்டே இருந்தாய்.

"இன்ட்ரெஸ்டிங் பார்ட்டே இனிமேதான் மா. எவ்ளோ மோசம்னு அவரோட வொய்ஃப் வெளியில சொல்லவே இல்லை. யார் உள்ள போகலாம், எந்தப் பேப்பர் உள்ள போகலாம், எல்லாம் அவங்க கன்ட்ரோல். பேப்பர் ஓரத்துல 'பிரசிடென்ட் இப்படிச் சொல்றார்'னு அவங்களே எழுதி அனுப்புவாங்க. அவங்க ஸ்கூலுக்கே அதிகம் போனதில்லையாம். எழுத்தெல்லாம் குழந்தை எழுத்து மாதிரி இருக்குமாம்."

"அவரு சொன்னதைத்தான் எழுதினாங்களோ என்னமோ."

"அதான் மா ப்ராப்ளம்! எது அவர் சொன்னது, எது அவங்க சொன்னதுன்னு இன்னைக்கு வரைக்கும் ஆர்கியூ பண்றாங்க. சந்தேகப்பட்டு ரெண்டு செனட்டர்ஸ் நேர்லயே பாக்க வந்தாங்க. வராத கையைப் போர்வைக்குள்ள மூடிட்டு, நல்ல கை பக்கத்துல பேப்பரை வெச்சு, ரெடியா இருந்தாங்களாம். வந்தவங்க நம்பிட்டுப் போய்ட்டாங்க."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"அப்புறம் அந்தச் சங்கம் என்ன ஆச்சு?"

"அமெரிக்கா சேரவே இல்லை. கொஞ்சம் விட்டுக்குடுத்திருந்தா செனட்ல பாஸ் ஆகியிருக்கும்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா அந்த ரூம்லேருந்து 'முடியாது'ன்னுதான் பதில் வந்துச்சு."

"அந்தம்மா பயந்திருப்பாங்க சாமி."

"பயந்தா பயமா இருக்குன்னு சொல்லணும் மா. அவர் பேர்ல பேசினா எப்படி?" என்றாய். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அப்பா..." என்று தொடங்கி, "சரி விடு. அடுத்த கார்டு" என்றாய்.

எனக்கு அடுத்த அட்டை எதுவும் காதில் விழவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். "போன்" என்றார். நோய் வந்த பிறகு அவர் அவ்வளவு தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை அது. "என் போன்" என்றார் மறுபடி. எடுத்துக் கொடுத்தேன். திறக்கத் தன் வலது கட்டைவிரலை இடது கையால் தூக்கி வைத்தார். வைத்தவர், விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எக்ஸர்... சைஸ்னு... நெனச்சேன்" என்றார். அவர் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது நான் தினமும் அந்த விரலைப் பிடித்ததை, கை சரியாக வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறேன் என்று நம்பியிருக்கிறார்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்தார். மோர் குடிக்கச் சொன்ன இடத்தில் நின்று, "மோரா? நானா?" என்று கேட்டார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தார். நானும் அழுகையோடு சிரித்துவிட்டேன். பிறகு உன் நீள மெசேஜுக்கு வந்தார். உதடு அசைய அசைய, வரி வரியாகப் படித்தார். அடியில் இருந்த பதிலையும் படித்தார். போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏனுங்க, திட்டுங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. ரொம்ப நேரம் தேடி, "அவனுக்கு... தெரியாதா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. தனக்கு இப்படி ஆனது உனக்குத் தெரியும் என்றே அவர் இத்தனை நாளும் நினைத்திருந்திருக்கிறார். தெரிந்தும் நீ வரவில்லை. தெரிந்தும் தீபாவளியன்று சிரித்துப் பேசிவிட்டு வைத்தாய். தெரிந்தும் சனிக்கிழமைதோறும் அம்மாவிடம் கதை பேசுகிறாய், அப்பாவைக் கேட்பதில்லை. ஒரு வார்த்தை கேட்க வாய் வராமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நீ டெக்ஸாஸில் இருந்துகொண்டு அப்பா உன்னை ஒதுக்கிவிட்டார் என்று நினைத்தாய். அவர் இங்கே நீ அவரை ஒதுக்கிவிட்டாய் என்று நினைத்தார். நடுவில் இருந்தது நான் மட்டும்தான். கூச்சக்காரி, வாய் பேசாதவள், பாவம் என்று எல்லோரும் சொல்கிற நான்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ கோபப்படு. வீட்டுக்கு வந்து கத்தினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உனக்கும் ஒரு குடும்பம் அமையும், அதனால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். வீட்டில் அதிகம் பேசுகிறவர்தான் மற்றவர்களை அடக்குவார் என்று நினைக்காதே. எதையும் சொல்லாமல் பின்னால் நிற்கிறவர் கையிலும் ஒரு கதவு இருக்கும், அதை அவர் எப்போது சாத்தினார் என்று யாருக்கும் தெரியாது. உன் மனைவிக்காக நீ பதில் சொல்லாதே. உனக்காக அவளைப் பதில் சொல்ல விடாதே. 'அவருக்கு இது பிடிக்காது', 'அவளுக்கு அது ஒத்துக்காது' என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம், சொல்லிச் சொல்லியே அவர்களைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று உன் பெயரிலேயே சொல். என் பெயரில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: கதிர், நீ வேலையை விட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. அது என் பயம். அதற்காக நீ எதையும் விட வேண்டியதில்லை.

அந்தக் காலேஜுக்கு நீ என்ன பதில் சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இன்னும் சொல்லவில்லை என்றால் தயவுசெய்து பொறு. வர முடியாது என்று சொல்லிவிட்டாய் என்றால், திரும்ப ஒருமுறை கேட்டுப்பார். என் வீட்டில் ஒரு தவறு நடந்துவிட்டது என்று சொல், யாருடைய தவறு என்று கேட்டால் என் பெயரையே சொல். இடம் போயே போய்விட்டது என்றால், அந்தக் குற்றத்தோடு நான் இருந்துகொள்கிறேன். அதை நீ லேசாக்க வேண்டாம்.

உன் மெசேஜைப் படித்த அன்றைக்கு அப்பா உன் கேள்விக்கு ஒரு பதில் சொன்னார். வார்த்தை வார்த்தையாகத் தேடி, கண் கலங்க, ஒரு முழு வாக்கியம் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் நான் சொன்ன அவருடைய பதிலாகிவிடும். அது நல்ல பதிலா கெட்ட பதிலா என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

ஞாயிறு காலையில் அவர் போனுக்குக் கூப்பிடு. அவரே எடுப்பார். நான் அந்த நேரத்தில் கோமதியோடு வெளியே நடக்கப் போயிருப்பேன். அவருக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் பிடிக்கும். நடுவில் சத்தமே இருக்காது, லைன் போய்விட்டது என்று தோன்றும். போயிருக்காது, சாமி. நீ வைத்துவிடாமல் காத்திரு.

அம்மா